எவா பாயோரை இறுதிப் போட்டிகளால் மட்டும் அளக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரிஸ் நகரில் 2025 செப்டம்பர் 22ஆம் தேதி நடைபெற்ற, உலகின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரர்களுக்கான பலோன் டோர் விருது விழாவைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான செய்தியைப் படித்தேன். ஸ்பெயினின் ஐதானா பொன்மதீ மூன்றாவது முறையாக மகளிர் விருதைப் பெற்றது விரிவாக எழுதப்பட்டிருந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதே மேடையில், பருவத்தின் அதிக கோல்களுக்கான கெர்ட் முல்லர் விருது முதன்முறையாக மகளிருக்கும் வழங்கப்பட்டது என்பதும், அதைப் பெற்றவர் போலந்தின் முன்கள வீராங்கனை எவா பாயோர் என்பதும் செய்தியின் கடைசி வரியில் வந்தன. ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிகளில் ஐந்து முறை தோல்வி கண்ட அணிகளில் இருந்தவருக்குக் கிடைத்த ஆறுதல் என்ற அளவில் அவரை அந்த வரி அறிமுகப்படுத்தி முடித்துவிட்டது.

ஐந்து தோல்விகள் உண்மைதான். இருப்பினும், பத்தாண்டுகளுக்கும் மேலாக மிக உயர்ந்த தளத்தில் ஆடிவரும் ஒருவரை ஐந்து மாலைப் பொழுதுகளால் அறிமுகப்படுத்துவது, அவர் செய்தவற்றையும் அவர் நாட்டு மகளிர் கால்பந்து கடந்து வந்த தொலைவையும் வாசகர்களிடமிருந்து மறைத்துவிடுகிறது என்று கருதுகிறேன். அதை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பாயோர் 1996 டிசம்பர் 3ஆம் தேதி பிறந்தவர். மத்தியப் போலந்தில், வர்த்தா ஆற்றங்கரையில் உள்ள உனியேயுவ் என்னும் சிறு நகரின் அருகேயுள்ள சிற்றூரில் வளர்ந்தார். ஆடவர் கால்பந்தில் 1974, 1982 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் மூன்றாம் இடம் பிடித்த பெருமை போலந்துக்கு உண்டு. அந்த நாட்டின் மகளிர் அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை 1981இல்தான் ஆடியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் எந்தப் பெரிய போட்டியின் இறுதிச் சுற்றையும் எட்டவில்லை. அத்தகைய நாட்டில் திறமையுள்ள ஒரு சிறுமி எங்கே போய் ஆடுவது என்ற கேள்விக்கு அன்று கிடைத்த விடைகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று கோனின் நகரின் மெடிக் அணி. மருத்துவப் பள்ளி ஒன்றைச் சார்ந்து உருவான மகளிர் அணி அது. நாட்டின் முதல்நிலை லீகில் அக்காலத்தில் மேலோங்கி நின்றது. பாயோர் பதினைந்து வயதிலேயே அந்த அணிக்காக முதல்நிலை லீகில் களமிறங்கினார். 2014, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் மெடிக் அணி நாட்டின் சாம்பியன் பட்டத்தை வென்றபோது அவர் அதில் இருந்தார்.

அவருடைய வாழ்வில் முதலில் குறிப்பிட வேண்டிய இறுதிப் போட்டி ஒன்று இருக்கிறது. தங்கள் செய்தி எண்ணிய ஐந்தில் அது சேரவில்லை. 2013 ஜூனில், சுவிட்சர்லாந்தின் நியோன் நகரில், பதினேழு வயதுக்குட்பட்ட மகளிருக்கான ஐரோப்பியப் போட்டியின் கடைசிக் கட்டம் நடைபெற்றது. ஸ்பெயின், ஸ்வீடன், பெல்ஜியம், போலந்து என நான்கே அணிகள். இந்த நான்கில் போலந்து வெல்லும் என்று எதிர்பார்த்தவர் சிலரே. இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனை 1-0 என்ற கணக்கில் போலந்து வீழ்த்தியது. போட்டியின் சிறந்த வீராங்கனையாகப் பாயோர் தேர்ந்தெடுக்கப்பட்டார். போலந்து மகளிர் கால்பந்து வென்ற முதல் ஐரோப்பியப் பட்டம் அதுவே. அந்தக் கோடையிலேயே, பதினாறு வயதில், அவர் மூத்தோர் தேசிய அணியிலும் இடம்பெற்றார்.

2015இல், பதினெட்டு வயதில், அவர் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் அணியில் சேர்ந்தார். ஒரே அணியில் ஒன்பது ஆண்டுகள்! இன்றைய கால்பந்தில் இது அரிது என்பதைத் தங்கள் விளையாட்டுப் பிரிவினர் நன்கு அறிவர். அவர் சென்ற அணியோ 2013, 2014 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பாவின் சாம்பியனாக இருந்த அணி. அலெக்சாண்ட்ரா பாப் போன்றோர் முன்களத்தில் நின்ற இடத்தில், மொழி தெரியாமல் வந்து சேர்ந்த ஓர் இளம்பெண் உடனே முதல் பதினொருவரில் இடம்பிடிப்பது எளிதன்று. முதல் சில பருவங்களில் மாற்று வீராங்கனையாகவும் ஓரக்களத்திலும் ஆடிப் பழகிய பிறகே அவர் நடுமுன்களத்தின் உரிமையாளர் ஆனார். 2018-19 பருவத்தில் 24 கோல்களுடன் ஜெர்மன் லீகின் அதிக கோல் அடித்த வீராங்கனையாக முடித்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 2023-24 பருவத்தில், 18 கோல்களுடன் மீண்டும் அதே இடம். அவர் அங்கிருந்த காலத்தில் வுல்ஃப்ஸ்பர்க் ஐந்து முறை லீக் பட்டத்தையும், அவர் ஆடிய ஒன்பது பருவங்களிலும் தவறாமல் ஜெர்மன் கோப்பையையும் வென்றது. அந்த அணிக்காக அவர் அடித்த மொத்த கோல்கள் நூற்றைத் தாண்டும்.

இந்த எண்களுக்கு இடையே ஒரு வெற்றிடமும் உண்டு. 2020க்குப் பிறகு முழங்கால் காயம் அவரை மாதக்கணக்கில் களத்திலிருந்து விலக்கி வைத்தது. வேகத்தையும் திடீர்த் திருப்பங்களையும் நம்பி ஆடுகிற முன்கள வீராங்கனைக்கு முழங்கால் என்பது தொழிலே. பலர் அத்தகைய காயத்துக்குப் பிறகு பின்னுக்கு நகர்ந்து, பந்தைப் பிறருக்கு அளிப்பவர்களாக மாறிவிடுகிறார்கள். பாயோர் திரும்பி வந்தபோது ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. முன்னிலும் அதிகமாக ஓடினார். எதிரணியின் தற்காப்பில் பந்து இருக்கும் போதே அதைப் பறிக்கப் பாய்வது, தற்காப்பு வீராங்கனையின் முதுகுப்புறமிருந்து கிளம்பி அருகிலுள்ள கோல் கம்பத்தை நோக்கி நுழைவது, பந்தை ஒருமுறைகூட நிறுத்தாமல் இரு கால்களில் எதனாலும் அடிப்பது ஆகிய மூன்றும் அவருடைய ஆட்டத்தின் அடையாளங்கள். அவர் அடித்த பல கோல்கள் காண்பதற்கு எளியவையாகத் தோன்றுவதற்குக் காரணம், கடினமான வேலை பந்து அவரிடம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டிருப்பதுதான்.

இனி அந்த ஐந்து இறுதிப் போட்டிகளுக்கு வருகிறேன். 2016, 2018, 2020 ஆகிய மூன்றிலும் வுல்ஃப்ஸ்பர்க்கின் எதிரணி ஒன்றே: பிரான்சின் லியோன். 2016 முதல் 2020 வரை தொடர்ச்சியாக ஐந்து முறை சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற அணி அது. மகளிர் கால்பந்து அதுவரை கண்டவற்றுள் மிக வலிமையான அணி என்று அதைச் சொல்வதில் மிகையில்லை. இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியாவில் 2016இல் ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்து, பெனால்டி வாய்ப்புகளில் 4-3 எனத் தீர்ந்தது. கீவ் நகரில் 2018இல் கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் பெர்னில் ஹார்டரின் கோலால் வுல்ஃப்ஸ்பர்க் முன்னிலை பெற்றது. மூன்று நிமிடங்களில் பாப் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, பத்துப் பேரான அணி 4-1 எனத் தோற்றது. சான் செபாஸ்டியனில் 2020இல், கொரோனா காரணமாகக் காலியாகக் கிடந்த அரங்கில், 3-1. அன்று லியோனின் மூன்றாவது கோலை அடித்த சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிர், அதே கோடையில்தான் வுல்ஃப்ஸ்பர்க்கிலிருந்து லியோனுக்கு மாறியிருந்தார். இத்தகைய மாலைகளை ஒரு தனி வீராங்கனையின் குறையாக எழுதிவிட முடியுமா என்று தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நான்காவது போட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பாயோரின் ஆட்டத்தை அறியாதவர்களுக்கு அந்த ஒரு மாலையின் முதற்பாதியே போதும். 2023 ஜூன் 3, ஐந்தோவன் நகரம். எதிரணி பார்சிலோனா. ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில், உலகின் மிகச் சிறந்த வலப்புறத் தற்காப்பு வீராங்கனைகளுள் ஒருவரான லூசி புரோன்ஸிடமிருந்து பந்தைப் பறித்த பாயோர், பெனால்டி பகுதியின் விளிம்பிலிருந்தே அடித்து அணிக்கு முன்னிலை தந்தார். பின்னர் அவர் அனுப்பிய பந்தைத் தலையால் முட்டி பாப் இரண்டாவது கோலை அடித்தார். இடைவேளையின் போது 2-0. இடைவேளைக்குப் பிறகு பாட்ரி குய்ஹாரோ இரண்டே நிமிட இடைவெளியில் இரு கோல்களை அடித்துச் சமன் செய்தார். எழுபதாவது நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் ஃப்ரிடோலினா ரோல்ஃபோ. அவரும் முன்னாள் வுல்ஃப்ஸ்பர்க் வீராங்கனையே. அந்தப் பருவத்தின் சாம்பியன்ஸ் லீகில் ஒன்பது கோல்களுடன் எல்லோரையும் விட முன்னே நின்றவர் பாயோர். இறுதிப் போட்டியில் ஒரு கோல் அடித்து, இன்னொன்றை உருவாக்கியவரைத் தோற்றவர் என்ற ஒரே குறிப்போடு பதிவு செய்வது நியாயமாகத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 2024 கோடையில், அவர் சேர்ந்த அணி அதே பார்சிலோனா. இந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். வுல்ஃப்ஸ்பர்க்கில் அவருக்கு எல்லாம் இருந்தது: நிலையான இடம், ரசிகர்களின் அன்பு, ஒன்பதாண்டுப் பழக்கம். இருபத்தேழு வயதில் அவற்றை விட்டுவிட்டு, பந்தைத் தம் காலடியில் நீண்ட நேரம் வைத்திருந்து ஆடும் வேறொரு முறைக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ள முன்வந்தார். எதிரணி பின்வாங்கிக் கூட்டமாக நிற்கும்போது, ஓடுவதற்குத் திறந்த வெளி இல்லாத இடத்தில், விரைவோட்டக்காரர் என்று பெயர் பெற்ற ஒருவர் என்ன செய்வார் என்ற ஐயம் பலருக்கு இருந்தது. முதல் பருவத்திலேயே விடை வந்தது. 25 கோல்களுடன் ஸ்பானிய மகளிர் லீகில் முதலிடம். எல்லாப் போட்டிகளையும் சேர்த்துக் கழகத்துக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட கோல்கள். லீக் பட்டம், அரசி கோப்பை, சூப்பர் கோப்பை ஆகிய மூன்றையும் பார்சிலோனா வென்றது.

அதே பருவத்தில், அதே கழகத்தின் ஆடவர் அணியில், அதே நாட்டைச் சேர்ந்த ராபர்ட் லெவண்டோவ்ஸ்கியும் நாற்பதுக்கும் மேற்பட்ட கோல்களை அடித்தார். அவரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வாரந்தோறும் ஏதேனும் ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. அவர் அதற்கு முழுத் தகுதியுடையவர், அவருடைய ஆட்டத்தை நானும் விரும்பிப் பார்ப்பவன். ஸ்பானிய ஆடவர் லீகில் அந்தப் பருவத்தில் அதிக கோல் அடித்தவர் கிலியன் எம்பாப்பே. மகளிர் லீகில் பாயோர். ஒரே நகரில், ஒரே வண்ணச் சட்டையில், ஒரே நாட்டின் இரு முன்களத்தவர் ஒரே அளவு கோல்களை அடிக்கும்போது, ஒருவரைப் பற்றி வாரந்தோறும் படித்துவிட்டு மற்றவரின் பெயரை முதன்முதலாக ஒரு விருதுச் செய்தியின் கடைசி வரியில் வாசகர் காண நேர்வது எனக்கு வருத்தம் தருகிறது.

ஐந்தாவது இறுதிப் போட்டி 2025 மே 24 அன்று லிஸ்பனில் நடந்தது. அரையிறுதியில் செல்சியை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 8-2 என்று வென்று வந்த பார்சிலோனாவே வெல்லும் என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதியிருந்தனர். ஆர்செனலின் ஸ்டீனா பிளாக்ஸ்டெனியஸ் 74ஆவது நிமிடத்தில் அடித்த ஒரே கோல் ஆட்டத்தை முடித்தது. முந்தைய ஆண்டு வரை பார்சிலோனாவில் ஆடிய மரியோனா கால்டென்டே அன்று ஆர்செனல் சட்டையில் வென்றார். அந்த மாலையின் வலி பாயோருக்கு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆறு வாரங்களுக்குள் அவர் வேறொரு சட்டையில் சுவிட்சர்லாந்தில் நின்றுகொண்டிருந்தார். என் பார்வையில் அவருடைய கால்பந்து வாழ்வின் மிக முக்கியமான பகுதி அதுவே. தங்கள் செய்தியில் அது ஒரு சொல்லாலும் இடம்பெறவில்லை.

2025 ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெறுவதற்கான வழியில், 2024இன் முற்பகுதியில், போலந்து தன் குழுவில் கடைசி இடத்தையே பிடித்தது. அதே குழுவில் ஆஸ்திரியாவிடம் இரு முறையும் தோற்றிருந்தது. பின்னர் கிடைத்த கூடுதல் தகுதிச்சுற்றில் முதலில் ருமேனியாவை வென்று, கடைசிக் கட்டத்தில் மறுபடியும் ஆஸ்திரியாவை எதிர்கொண்டது. ஆஸ்திரியாவோ 2017இல் ஐரோப்பிய அரையிறுதியும், 2022இல் காலிறுதியும் கண்ட அணி. க்டான்ஸ்க் நகரில் போலந்து 1-0 என்று வென்றது. மறு ஆட்டம் வியன்னாவில், டிசம்பர் 3ஆம் தேதி. அன்று பாயோருக்கு இருபத்தெட்டாவது பிறந்தநாள். ஆட்டம் முழுவதும் ஆஸ்திரியா அழுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கோல் விழுந்தால் எல்லாம் மாறிவிடும் நிலை. ஆட்டத்தின் இறுதித் தருணத்தில் பாயோர் அடித்த கோல் அந்த ஐயத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. முதல் சர்வதேச ஆட்டத்துக்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, போலந்து மகளிர் அணி முதன்முறையாக ஒரு பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றது.

அந்த அணியை 2021 முதல் வழிநடத்தி வருபவர் நினா பட்டலோன். அந்த அணி பாயோர் ஒருவரால் மட்டுமே ஆனதன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் எனப் பல நாட்டு லீகுகளில் பரவி ஆடும் ஒரு தலைமுறையே அங்கு உருவாகியிருக்கிறது. ஆயினும் அந்தத் தலைமுறைக்கு முன்னே நடந்தவர் பாயோர். தேசிய அணிக்காக அவர் அடித்துள்ள அறுபதுக்கும் மேற்பட்ட கோல்கள், போலந்து மகளிர் கால்பந்தின் வரலாற்றில் வேறெவரும் எட்டாதவை. அவற்றுள் பெரும்பகுதி, போலந்து எந்தப் பெரிய போட்டியிலும் இல்லாத ஆண்டுகளில், பெரிய தொலைக்காட்சிகள் எட்டிப் பார்க்காத தகுதிச்சுற்று ஆட்டங்களில் அடிக்கப்பட்டவை.

சுவிட்சர்லாந்தில் போலந்து சேர்ந்த குழுவில் ஜெர்மனி, ஸ்வீடன், டென்மார்க் ஆகியவை இருந்தன. செயின்ட் காலனில் ஜெர்மனிக்கு எதிரான முதல் ஆட்டத்தில், பாயோரின் தாக்குதலைச் சறுக்கித் தடுக்க முயன்றபோதுதான் ஜெர்மானிய அணித் தலைவி ஜூலியா க்வின் முழங்காலில் காயமடைந்து வெளியேற நேர்ந்தது; ஒற்றை ஆளாக அவர் உண்டாக்கிய அச்சுறுத்தல் அத்தகையது. இடைவேளைக்குப் பின் ஜெர்மனி 2-0 என்று வென்றது. முதல் கோலை அடித்த யூலே பிராண்ட் வுல்ஃப்ஸ்பர்க்கில் பாயோரோடு ஆடியவர். அடுத்த ஆட்டத்தில் ஸ்வீடன் 3-0 என்று வென்றதால் போலந்தின் வாய்ப்பு முடிந்துபோனது. கணக்கில் பொருளற்றுப் போன மூன்றாவது ஆட்டத்தை, ஜூலை 12 அன்று லூசெர்னில், போலந்து ஆடிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நத்தாலியா பாடில்யா 13ஆவது நிமிடத்தில் அடித்தது பெரிய போட்டிகளில் போலந்து மகளிரின் முதல் கோல். ஏழு நிமிடங்கள் கழித்துப் பாயோர் இரண்டாவதை அடித்தார். மார்ட்டினா வியான்கோவ்ஸ்கா மூன்றாவதை அடிக்க, டென்மார்க்கை 3-2 என்று வென்று போலந்து விடைபெற்றது. முதல் வருகையிலேயே முதல் வெற்றி. பதினாறு வயதில் நியோனில் பட்டம் வென்ற அதே நாட்டில், இருபத்தெட்டு வயதில் தம் நாட்டின் மூத்தோர் அணிக்காக அவர் கோல் அடித்தார்.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகு கெர்ட் முல்லர் விருதைப் பார்த்தால், அது ஆறுதலாகத் தோன்றாது. ஒரு பருவத்தில் எவ்வளவு கோல் அடித்தார் என்ற கணக்கின்படி வழங்கப்படும் விருது அது. இரக்கத்துக்கு அதில் இடமில்லை. மகளிருக்கு அந்த விருது இல்லாதிருந்த ஆண்டுகளிலும் அவர் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் சிறியது. ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக் 2025 அக்டோபர் முதல் புதிய வடிவில் நடைபெறுகிறது. குழுக்கள் நீக்கப்பட்டு, பதினெட்டு அணிகளும் ஒரே பட்டியலில், ஒவ்வொன்றும் ஆறு ஆட்டங்கள் ஆடுகின்றன. அந்தப் பட்டியலையும் ஒவ்வொரு சுற்றின் முடிவுகளையும், ஆடவர் பட்டியலுக்குத் தருவதைப் போலவே, தங்கள் பக்கத்தில் தொடர்ந்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோல் அடித்தவர்களின் பெயர்களையும் சேர்த்து அச்சிட்டால் மேலும் நன்று. பாயோரின் அணி இறுதிப் போட்டிக்கு வந்து சேர்ந்தாலும் சேராவிட்டாலும், அவர் ஆடும் ஆட்டங்களைத் தங்கள் வாசகர்கள் தமிழில் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.